என் ரத்தத்தில் குலுக்கிய காற்று

"ரத்தத்துல காத்தை ஏத்துனாங்களாமே, நெசமா?"

தென்காசியில என்னைப் பாக்குற ஆளுக்கெல்லாம் இப்ப இதே கேள்விதான். கோயில் வாசல்ல ஒருத்தி என் கையைப் புடிச்சு நரம்பைத் தடவித் தடவிப் பாத்தா. ஏட்டி, நான் என்ன சைக்கிள் டியூபா? பஸ் ஸ்டாண்டுல ஒரு அண்ணாச்சி, "நெஞ்சைத் தொறந்து உள்ள பம்பு வச்சிருக்காகளாம்"னு எனக்குக் கேக்குற மாதிரியே சொல்லுதாரு. ஆளாளுக்கு ஒரு கதை கட்டுதாக. டாக்டர் மூணு மாசத்துக்கு ஒரு குடம் தண்ணி கூடத் தூக்கக்கூடாதுன்னுட்டாரு. சோலி ஒண்ணும் கெடையாது. அதான் நடந்ததை நானே எழுதி வச்சிருதேன். இதுல ஒரு பொய் இருக்கு. அது நான் சொன்ன பொய். அதையும் மறைக்காம எழுதுதேன்.

எம்பேரு கோமதி. இது தொடங்குனப்ப எனக்கு முப்பத்திரண்டு வயசு. எங்க வீட்டுக்குப் பின்னால சோடா கம்பெனி. கம்பெனின்னதும் பெருசா நெனச்சிராதீக. ஒரு தகரக் கொட்டகை, ஒரு மெஷின், நான், எனக்கு ஒத்தாசைக்குப் பொன்னுத்தாய், அவ்வளவுதான். எங்க அத்தான், அதாவது என் வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர். டிக்கெட் கேக்குறதுக்கு மேல ஒரு வார்த்தை அவுக வாயில இருந்து வராது. அவுகளுக்கும் சேத்து நான் பேசிருவேன். காலி பாட்டிலைத் திருப்பிக் குடுக்காத கடைக்காரன் எவனா இருந்தாலும் என் சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேக்கும். ஊர்ல எனக்கு இருந்த மரியாதையே என் வாயாலதான்.

சீசன் வந்துட்டா மெஷினைக் குத்தாலத்துக்குக் கொண்டு போயிருவோம். அருவியில குளிச்சிட்டு வாரவுகளுக்குப் பசி வெறி புடிச்ச மாதிரி எடுக்கும். வயிறு முட்டத் தின்னுட்டு சோடா கேப்பாக. ஆனி, ஆடி ரெண்டு மாசமும் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

சோடா எப்படிப் போடுறதுன்னு சொன்னாத்தான் மிச்சக் கதை புரியும். தண்ணி நிரப்பின கோலிப் பாட்டில்களைக் கம்பி வலை போட்ட ஒரு இரும்புப் பெட்டியில அடுக்கணும். சிலிண்டரைத் தொறந்து கேஸை விடணும். அப்புறம் கைப்பிடியைப் புடிச்சுப் பெட்டியையே சுத்தணும். பாட்டில் தலைகீழா உருண்டு உருண்டு, தண்ணியும் கேஸும் குலுங்கி ஒண்ணாச் சேந்துரும். சில நேரம் பெட்டி எறுகி, சுத்தாம நின்னுரும். அப்பக் காலைத் தரையில ஊணி, மூச்சைப் புடிச்சு, முக்கி ஒரு இழுப்பு இழுக்கணும். இழுத்துட்டு மூச்சை விட்டா உடம்பே லேசாகும்.

மொதத் தடவை வந்தது அந்த மாதிரி ஒரு இழுப்புலதான். குத்தாலத்துல, ஆனி மாசம், நல்ல சாரல். இழுத்து மூச்சை விட்டேன், வலது கை கைப்பிடியில இருந்து தானா நழுவி விழுந்துச்சு. என் கை மாதிரியே இல்ல. பொன்னுத்தாயைப் பாத்து, "கேஸை மூடுட்டி"ன்னு சொல்லுதேன். வாயில இருந்து வருது ஒரு சத்தம், கொழகொழன்னு. எனக்கு நான் சொல்ல வேண்டியது நல்லாத் தெரியுது. வாய்தான் வேற எதையோ சொல்லுது. கேஸ் பாட்டுக்கு ஏறிக்கிட்டு இருக்கு, பாட்டில் வெடிச்சா கண்ணு போயிரும். பொன்னுத்தாய் என் மூஞ்சியப் பாத்து அலறிட்டு ஓடிவந்து மூடினா. பத்து நிமிசத்துல கையும் வந்துருச்சு, பேச்சும் வந்துருச்சு.

"வாயு புடிச்சிருக்குக்கா, இஞ்சி தட்டிப்போட்டு ஒரு சோடா குடி"ன்னா அவ. குடிச்சேன். பெருசா ஒரு ஏப்பம் வந்துச்சு. சரியாப்போச்சு. வாயுதான்னு நானே முடிவு கட்டிட்டேன். அதுக்கப்புறம் நெஞ்சு படபடன்னு அடிச்சாலும் சோடா, தலை கிறுகிறுத்தாலும் சோடா. சோடா போடுதவளுக்கு வேற என்ன மருந்து தோணும்? அந்தக் கோட்டித்தனத்துலயே ஒரு வருசம் போச்சு.

மொதத் தடவை கை விழுந்த அன்னைக்கே பொன்னுத்தாய் அத்தான்கிட்ட விசயத்தைச் சொல்லிட்டா. அவுக எங்க மக மீனாவை, அப்ப அவளுக்கு ஆறு வயசு, கூட்டிட்டு வந்து எம்முன்னால நிறுத்துனாக.

"இவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணு. இனி அந்தக் கைப்பிடியத் தொட மாட்டேன்னு சொல்லு."

பிள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணுறதுன்னா என்னன்னு எங்க ஊர்ல தெரியாதவுக கெடையாது. மீறினா பிள்ளைக்குத்தான் ஆகும். எனக்குக் கையே வரல. ஆனாலும் பண்ணினேன்.

அடுத்த வருசம் ஆடி அமாவாசை. குத்தாலத்துல தலை தலையாக் கூட்டம். பொன்னுத்தாய் செங்கோட்டையில ஒரு சாவுக்குப் போயிட்டா. கடைக்காரங்க வாசல்ல வந்து நிக்கானுவ. நானே சுத்தினேன். பெட்டி எறுகிச்சு, முக்கி இழுத்தேன். அவ்வளவுதான், போன வருசம் மாதிரியே கை விழுந்துச்சு. இந்தத் தடவை காலும் துவண்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். மீனா பக்கத்துல கோலிக்குண்டு வச்சு வெளையாடிக்கிட்டு இருந்தா. "அப்பாவைக் கூப்புடு"ன்னு அவகிட்ட சொல்லுதேன். "பாவ்வா பூபூ"ங்குற மாதிரி வருது. அவ கைகொட்டிச் சிரிச்சா. நான் வெளையாட்டுக் காட்டுதேன்னு நெனச்சுக்கிட்டா. திரும்ப என்னை மாதிரியே, "பாவ்வா பூபூ"ன்னா. அந்த அரை மணி நேரம் எம்பிள்ள சிரிக்க, நான் அழக்கூட முடியாம உக்காந்திருந்தேன்.

பேச்சு வந்ததும் நான் மொதல்ல பேசினது என்ன தெரியுமா? "மீனா, அம்மா பெட்டி சுத்தினதை அப்பாகிட்ட சொல்லாதட்டி"ன்னதுதான். பாவி நான்.

ஆனா வாய் ஒரு ஓரமா இழுத்துக்கிட்டு நின்னுச்சு. டூட்டி முடிஞ்சு வந்த அத்தான் பாத்துட்டாக. "எப்பிடி வந்துச்சு?"ன்னு கேட்டாக. "சும்மா உக்காந்து தலை சீவிக்கிட்டு இருந்தேன்"னு சொல்லிட்டேன்.

தென்காசி டாக்டர்கிட்டயும் அதையேதான் சொன்னேன், அத்தான் பக்கத்துலயே நிக்காகளே. மொதத் தடவை வந்ததை வெறும் வாயுன்னு சொல்லி முடிச்சுட்டேன். டாக்டர் நெஞ்சுல குழாய வச்சு ரொம்ப நேரம் கேட்டாரு. "இது வாயு இல்லம்மா. எங்கேயோ ஒரு சின்ன ரத்தக்கட்டி கெளம்பி, மூளைக்குப் போற குழாய்ல போய் அடைச்சிருக்கு. ரெண்டு தடவையும் தானாக் கரைஞ்சிருச்சு. மூணாவது தடவை கரையாமப் போனா கையும் பேச்சும் திரும்பாது. இந்த வயசுல இது வரக்கூடாது. இதயத்துல ஓட்டை இருக்கான்னு பாக்கணும்"னாரு. அதைப் பாக்குற மெஷின் இங்கன கெடையாது, திருவனந்தபுரத்துக்குப் போங்கன்னு லெட்டர் எழுதிக் குடுத்தாரு.

கெளம்புற அன்னைக்குக் காலையில மீனாவுக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. எல்லாரும் சளிக் காய்ச்சல்னாக. எனக்கு மட்டும் தெரியும், அது என் சத்தியம். அவ நெத்தியில துணியை நனைச்சு நனைச்சுப் போட்டுக்கிட்டே, 'எனக்கு என்ன வேணா வரட்டும், இவளை விட்டுரு'ன்னு எல்லாச் சாமியையும் கெஞ்சினேன். அத்தானோட அக்கா, எங்க மதினி, "நான் பாத்துக்கிடுதேன், நீ போ. நீ திரும்பி வந்து எங்கூடச் சண்டை போடலேன்னா எனக்குச் சோறு எறங்காது"ன்னு சொல்லிப் புளிச்சோத்துப் பொட்டலத்தை மடியில வச்சா. எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. அன்னைக்கு அவ கையைப் புடிச்சுக்கிட்டு அழுதேன்.

கொல்லம் வண்டி செங்கோட்டை தாண்டி மலைக்குள்ள போகும்போது அத்தான் என் வலது கையைப் புடிச்சுக்கிட்டே வந்தாக. இருட்டுக் குகை வரும்போதெல்லாம், "ஏட்டி, ஏதாவது பேசு"ம்பாக. பேச்சு இருக்கான்னு சோதிக்காகளாம். நான் என்னத்தப் பேச? அந்தப் பொய் தொண்டையில நிக்குது.

ஆஸ்பத்திரியில நாலு நாள் காத்திருந்ததுதான் பெருங்கொடுமை. ஒரு நாள் ரத்தம், ஒரு நாள் எக்ஸ்ரே, ஒரு நாள் நெஞ்சுல வயரை ஒட்டிக் காயிதத்துல கோடு கோடா எடுத்தாக. மத்த நேரம் பெஞ்சு. எந்தக் கதவு தொறந்தாலும் எழுந்து நிப்போம், வேற யார் பேரையாவது கூப்பிடுவாக, உக்காருவோம். எங்க பெஞ்சுல புனலூர்க்காரர் ஒருத்தர் இருந்தாரு. மொத நாள் கஞ்சியில பாதியை எனக்கு ஊத்திக் குடுத்தாரு. மூணாம் நாள் அவர் இடம் காலி. "டிஸ்சார்ஜா?"ன்னு கேட்டேன். நர்ஸ் பதில் சொல்லாமப் போயிட்டா. காசு கதையை விடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போனவுகளுக்கு அது தெரியும்.

அஞ்சாம் நாள் கூப்பிட்டாக. டாக்டர் நாகர்கோயில் பக்கம், நல்லாத் தமிழ் பேசுவாரு. இடது பக்கமாச் சரிச்சுப் படுக்க வச்சு, நெஞ்சுல ஜில்லுன்னு ஒரு களிம்பைத் தடவி, ஒரு கட்டையை வச்சு அழுத்தினாக. எதுத்தாப்புல டிவி பெட்டி மாதிரி ஒண்ணு. அதுல எம்மனசு, தப்பு, என் இதயம், கறுப்பு வெள்ளையா அடிச்சுக்கிட்டு இருக்கு. சத்தத்தை உள்ள அனுப்பி, அது திரும்பி வாரதை வச்சுப் படம் போடுதாம்.

"இதுல சின்ன ஓட்டை தெரியாதும்மா. அதுக்கு ஒரு வழி இருக்கு"ன்னு சொல்லி ரெண்டு ஊசிக்குழாயை எடுத்தாரு. ரெண்டையும் ஒரு சின்னக் குழாய்த் திருகால இணைச்சிருந்தது. ஒண்ணுல உப்புத்தண்ணி. என் கையில இருந்து துளி ரத்தம் எடுத்து அதுல சேத்தாரு. அப்புறம் வேணும்னே கொஞ்சம் காத்தை உள்ள இழுத்தாரு.

நான் கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன். "காத்து போகுது டாக்டர்!"

ஊசிக்குள்ள காத்து போனா ஆள் குளோஸ்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எங்க ஊர்க் கம்பவுண்டர் ஊசியைத் தட்டித் தட்டிக் காத்தை வெளியேத்துறதைப் பாத்து வளந்தவ நான். "அம்மே, பேடிக்கண்டா"ன்னு, பயப்படாதன்னு மலையாளத்துல சொல்லி நர்ஸ் என் தோளைப் புடிச்சா. கதவோரம் நின்ன அத்தான் மூஞ்சி வெளுத்துப்போச்சு.

டாக்டர் கோவப்படல. "என்ன வேலை பாக்குதீங்க?"ன்னாரு. சோடான்னேன்.

"அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பாருங்க"ன்னு இந்தக் குழாயில இருந்து அந்தக் குழாய்க்கும், அங்க இருந்து இங்கயும் சடசடன்னு தள்ளினாரு. பத்து, பதினஞ்சு தடவை. தண்ணியும் காத்தும் மோதி மோதி, பாத்துக்கிட்டு இருக்கும்போதே இளஞ்சிவப்பாப் பால் மாதிரி ஆயிருச்சு. "இப்பக் காத்து தனியா இல்ல. கண்ணுக்குத் தெரியாத குமிழியா ஒடைஞ்சிருச்சு. வெறும் தண்ணின்னா உடனே வெடிச்சிரும். உங்க ரத்தம் ஒவ்வொரு குமிழியையும் சுத்தி ஒரு தோல் மாதிரி மூடிக்கிடுது. அதனால கொஞ்ச நேரம் நிக்கும்."

சவம், எனக்கு அது உடனே புரிஞ்சுபோச்சு. வெறும் சோடாவை ஒடைச்சா நுரை நிக்காது, புஸ்ஸுன்னு அடங்கிரும். கலர் சோடாவுல சீனிப் பாகு இருக்கு, அதான் நுரை நிக்கும். குழாயை நிமுத்தி, மேல தேங்கின பெரிய காத்தை அவர் வெளிய தள்ளினதையும் பாத்துக்கிட்டேன். அப்புறந்தான் கையை நீட்டினேன்.

"இது கை நரம்பு வழியா இதயத்தோட வலது பக்கம் போகும். அங்க இருந்து நுரையீரல். நுரையீரல் ஒரு வடிகட்டி, குமிழி அங்கேயே நின்னுரும். இடது பக்கம் ஒண்ணு கூட வரக்கூடாது. வந்தா நடுச்சுவர்ல வழி இருக்குன்னு அர்த்தம். ரத்தக்கட்டியும் அந்த வழியாத்தான் மூளைக்குப் போயிருக்கணும். அப்படின்னா நெஞ்சைத் தொறந்து தைக்கணும்."

ஊசியை ஒரே தள்ளாத் தள்ளினாரு. கை குளுந்துபோச்சு. ரெண்டு துடிப்பு. திரையில இதயத்தோட வலது பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாப் புள்ளி கொட்டுது, சாரல் அடிச்ச மாதிரி. இடது பக்கத்தைப் பாத்தேன். கறுப்பு. இன்னும் நாலஞ்சு துடிப்பு போச்சு. அப்பவும் கறுப்பு. இன்னொரு தடவை குலுக்கிப் போட்டாரு. அப்பவும் சுத்தமாக் கறுப்பு.

"ஓட்டை இல்லம்மா. ஆபரேஷன் வேண்டாம். மாத்திரை தாரேன், நாளைக்கு ஊருக்குப் போகலாம்."

எங்க அத்தான் பல்லுத் தெரியச் சிரிச்சு நான் பாத்தது கல்யாணத்தன்னைக்கு ஒருக்க, அன்னைக்கு ஒருக்க. "பையைக் கட்டுதேன்"னு வார்டுக்கு ஓடினாக. நர்ஸ் களிம்பைத் தொடைச்சுக்கிட்டு இருந்தா. நான் அந்தக் கறுப்புத் திரையவே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன்.

எனக்குச் சந்தோசமே வரல. ஏன்னா எனக்குத் தெரியும். கேஸ் சும்மா இருந்தாத் தண்ணிக்குள்ள போகாது, அழுத்தினாத்தான் போகும். நான் இங்கன பஞ்சு மெத்தையில மெத்துன்னு படுத்திருக்கேன். ரெண்டு தடவையும் எனக்கு வந்தது மூச்சைப் புடிச்சு முக்கினப்ப. இவர்கிட்ட எழுதியிருக்கிறதோ, தலை சீவும்போது வந்துச்சுன்னு. பொய்யை வச்சுப் பாத்தா மெஷின் என்ன செய்யும்?

வாயை மூடிக்கிட்டு இருந்தா நாளைக்கு ஊரு. நெஞ்சைத் தொறக்க வேண்டாம், அத்தானுக்கும் தெரிய வேண்டாம். வாயைத் தொறந்தா எல்லாத்தையும் சொல்லியாகணும். ஆனா மூணாவது தடவை வந்தா? பிள்ள கைகொட்டிச் சிரிச்சது கண்ணுக்குள்ள வந்துச்சு. அந்தச் சிரிப்பு என்னை விடல.

"சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க. எங்க வீட்டுக்காரரையும்."

அத்தான் கையில பையோட வந்து நின்னாக. நான் அவுக மூஞ்சியப் பாக்காம டாக்டரைப் பாத்துச் சொன்னேன். "நான் சொன்னது பொய். சோடாப் பெட்டி சுத்தும்போதுதான் வந்துச்சு, ரெண்டு தடவையும். பெட்டி எறுகி, மூச்சைப் புடிச்சு முக்கி இழுத்து, விட்ட உடனே." அப்புறம் அவுக பக்கம் திரும்பினேன். "பிள்ள தலையில அடிச்ச சத்தியத்தை மீறிட்டேன் அத்தான்."

அவுக பையைக் கீழ வச்சாக.

டாக்டர் மறுபடியும் ரெண்டு குழாயையும் எடுத்தாரு. "மெஷின் எறுகிக்கிட்டுன்னு நெனச்சுக்கோங்க. நான் சொல்லும்போது மூச்சைப் புடிச்சு முக்குங்க. விடுன்னா விடுங்க." சடசடன்னு குலுக்குற சத்தம். கை குளுந்துச்சு. "முக்குங்க!" காலை ஊண இடமில்ல, கட்டில் கம்பியைப் புடிச்சு முக்கினேன். காது அடைச்சுது, நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு. "விடுங்க!"

விட்டேன். வலது பக்கம் சாரல். நடுச்சுவர்ல ஒரு ஓரம் கதவு மாதிரி லேசா ஒதுங்குச்சு. அது வழியா ஒண்ணு, ரெண்டு, அப்புறம் ஒரு கைப்பிடி வெள்ளைப் புள்ளி, இடது பக்கத்துக் கறுப்புக்குள்ள கொட்டுச்சு.

டாக்டர் மெதுவாச் சொன்னாரு. தாய் வயித்துல இருக்கும்போது எல்லாருக்கும் அந்தக் கதவு உண்டாம். பொறந்ததும் ஒட்டிக்கிடுமாம். எனக்கு ஒட்டல. சும்மா இருந்தா மூடியிருக்கும், முக்கி விட்டாத் தொறக்கும். "நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்"னாரு.

அன்னைக்கு முழுக்க அத்தான் எங்கூடப் பேசல. சாயங்காலம் கட்டில் ஓரத்துல வந்து உக்காந்தாக.

"அந்தச் சத்தியத்தை நான் வாங்கியிருக்கக்கூடாது. பிள்ளைய நடுவுல நிறுத்தி உன்னைப் பயங்காட்டிட்டேன். இல்லேன்னா அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருப்ப"ன்னாக. அவ்வளவு நீளமா அவுக பேசி நான் கேட்டதே இல்ல. அப்புறம், "எங்க அக்கா போன் போட்டா. மீனாவுக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாளாச்சாம்"னாக. நான் தலையணையில மூஞ்சியப் பொதைச்சு ஓன்னு அழுதேன்.

ஆபரேஷன் நடந்த விசயம் எனக்கு ஒண்ணும் தெரியாது. இதயத்தை நிறுத்தி வச்சுட்டு, ரத்தத்தை வெளிய ஒரு மெஷினுக்குள்ள ஓட விட்டு, அந்தக் கதவைத் தச்சாங்களாம். முழிச்சுப் பாத்தப்பத் தொண்டைக்குள்ள குழாய். பேச முடியாது. ஒரு பகல், ஒரு ராத்திரி அப்படியே கெடந்தேன். வலி பெருசில்ல. ஆபரேஷன்ல ஒரு துளிக் காத்தோ ரத்தக்கட்டியோ தப்பி மூளைக்குப் போயிருந்தா என்ன ஆகும்னு டாக்டர் முன்னமே சொல்லியிருந்தாரு. கை அசையுது, அதைப் பாத்துட்டேன். பேச்சு இருக்கான்னு மட்டும் தெரியாது. மனசுக்குள்ள ஒவ்வொரு பேராச் சொல்லிப் பாக்கேன். மனசுக்குள்ள சரியாத்தான் வருது. அன்னைக்கும் மனசுக்குள்ள சரியாத்தானே வந்துச்சு!

மறுநாள் குழாயை உருவினாக. இருமி இருமிக் கண்ணீர் வந்துச்சு. "பேரு பறயூ"ன்னு நர்ஸ் என் பேரைச் சொல்லச் சொன்னா. நான் வாயைத் தொறக்கல. அவ மறுபடி கேட்டா. தொறந்து, கொழகொழன்னு வந்துட்டா? பல்லைக் கடிச்சுக்கிட்டு மாட்டேன்னு தலையை ஆட்டினேன். அவ வெளிய போய் அத்தானைக் கூட்டிட்டு வந்தா. பச்சைத் துணியப் போத்திக்கிட்டு, எட்டு நாள் தாடியோட, வாயைப் பொத்திக்கிட்டு நின்னாக. அந்த ரெண்டு கண்ணும் என் வாயவே பாக்குது.

"மீனா சாப்பிட்டாளா அத்தான்?"ன்னு கேட்டேன்.

ஒவ்வொரு எழுத்தும் தெளிவா வந்துச்சு. அவுக பொத்தின கையை எடுத்தாக, உதடு அசையுது, சத்தம் வரல. மூணு தடவை முயற்சி பண்ணிட்டு, ஆமான்னு தலையை மட்டும் ஆட்டினாக.